தெருமுனைப் பூங்காவுக்கு ஒரு குழு: அமைப்பதும் நடத்துவதும்

தமிழ்நாட்டு நகரங்களில் உள்ள சிறு பூங்காக்களில் பெரும்பாலானவை மாநகராட்சிக்கோ நகராட்சிக்கோ பேரூராட்சிக்கோ உரியவை. அவற்றைப் பெருக்குவதும், செடிகளுக்கு நீர் பாய்ச்சுவதும், விளக்குகளை எரியவைப்பதும் அந்தந்த உள்ளாட்சியின் கடமை. ஆனாலும் ஊஞ்சல் ஒற்றைச் சங்கிலியில் மாதக்கணக்கில் தொங்குவதும், கழிவறைக் கதவில் நிரந்தரமாகப் பூட்டு ஏறியிருப்பதும், போர்வெல் மோட்டார் பழுதாகிப் புல் காய்ந்துபோவதும் நாம் அன்றாடம் பார்ப்பவைதாம். இவற்றைக் கண்டு மனம் பொறுக்காத குடியிருப்பாளர்கள் வழக்கமாகச் செய்வது ஒன்று வாட்ஸ்ஆப்பில் புலம்புவது, அல்லது வீட்டுக்கு ஐந்நூறு ரூபாய் வசூலித்துத் தாங்களே ஆள் வைத்துச் சரிசெய்துவிடுவது. இரண்டாவது வழி நல்லெண்ணத்தில் பிறந்ததுதான் என்றாலும், பராமரிப்பு ஒப்பந்தம் எடுத்தவர் செய்யாத வேலைக்கும் பில் தொகை பெற்றுக்கொள்ள அது வசதி செய்து தருகிறது, அடுத்த பழுதின்போது "போன தடவை நீங்களேதானே பார்த்துக்கொண்டீர்கள்?" என்ற பதிலும் அலுவலகத்திலிருந்து தயாராக வரும். ஆகவே, பூங்காக் குழுவின் முதல் வேலை உள்ளாட்சி செய்ய வேண்டியதை உள்ளாட்சியையே செய்யவைப்பது என்றும், அதற்கு அப்பால் மிஞ்சும் சிறு காரியங்கள் மட்டுமே குழுவின் கைவேலை என்றும் தொடக்கத்திலேயே முடிவுசெய்துகொள்வது நல்லது. சென்னையை மனத்தில் வைத்தே இதை எழுதுகிறேன். மற்ற ஊர்களில் பதவிப் பெயர்கள் மாறுமே தவிர, வழிமுறை பெரிதாக மாறாது.

யாரைச் சேர்ப்பது

பூங்காவுக்கென்று ஒரு குழு கூடும்போது காலையில் நடைப்பயிற்சிக்கு வரும் ஓய்வுபெற்ற ஆண்களே அதில் நிறைந்துவிடுவது இயல்பு. அவர்களுக்கு நேரமும் உண்டு, அலுவலகங்களில் மனு எழுதிப் பழக்கமும் உண்டு. அவர்கள் இல்லாமல் குழு நடக்காது. ஆனால் அவர்கள் மட்டுமே இருந்தால், நடைபாதைக்கு டைல்ஸ் போடுவதும் விளையாடும் பையன்களை விரட்டுவதுமே குழுவின் தீர்மானங்களாக அமைந்துவிடும். எனவே மாலையில் பிள்ளைகளை அழைத்து வரும் தாய்மார்கள், கிரிக்கெட் ஆடும் பையன்களில் ஒருவர், பூங்காவின் பின்பக்கத் தெருவில் சங்கம் எதுவும் இல்லாத வீடுகளில் இருப்பவர்கள், வாசலில் இளநீர் அல்லது பூ விற்பவர் ஆகியோரையும் சேர்க்க வேண்டும். வாசலில் கடை வைத்திருப்பவர் காலை முதல் இரவு வரை அங்கேயே இருப்பதால், தோட்டக்காரர் எத்தனை மணிக்கு வந்தார், விளக்கு எந்த நாளில் அணைந்தது என்பவை வேறு எவரையும்விட அவருக்கே நன்றாகத் தெரியும்.

பத்துப் பதினைந்து பேர் சேர்ந்துவிட்டால் தொடங்கிவிடலாம். தலைவர், செயலாளர், பொருளாளர் என்ற மூன்று பொறுப்புகள் போதும்; துணைத் தலைவர்களையும் கௌரவ ஆலோசகர்களையும் நியமிக்கத் தொடங்கினால் பலகையில் பெயர் எழுத இடம் தேடும் வேலைதான் மிஞ்சும். கூட்டத்தைப் பூங்காவிலேயே, எல்லோரும் பார்க்கும் இடத்தில், மாதத்தில் ஒரு குறிப்பிட்ட ஞாயிற்றுக்கிழமை நடத்துங்கள். ஒரு மாதம் காலையிலும் மறு மாதம் மாலையிலும் கூடினால்தான் காலைச் சமையலை விட்டு வர முடியாத பெண்களும் பங்கேற்க முடியும். வந்தவர்களின் கையொப்பமும் எடுத்த முடிவுகளும் ஒரு தீர்மான நோட்டில் ஏற வேண்டும்.

உடனே பதிவு செய்ய வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. ஏற்கெனவே குடியிருப்போர் நலச்சங்கம் இருக்குமானால், அதன் துணைக்குழுவாக இயங்குவதே எளிது. தனித்து இயங்க விரும்பினால், 1975ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி குறைந்தது 7 பேர் சேர்ந்து, சங்க அமைப்புக் குறிப்பையும் துணை விதிகளையும் எழுதி மாவட்டப் பதிவாளரிடம் பதிவு செய்யலாம். பணம் வாங்கத் தொடங்கும் முன் இதை முடித்துவிடுங்கள். தனிநபரின் வங்கிக் கணக்கிலோ ஜிபேயிலோ பூங்காப் பணம் ஒரு ரூபாய்கூட விழக் கூடாது.

நிலத்தின் காகிதம்

புதிய குழுக்கள் பெரும்பாலும் மரம் நடுவதில்தான் தொடங்குகின்றன. நான் நிலத்தின் ஆவணங்களில் தொடங்கச் சொல்வேன், ஏனென்றால் ஒரு பூங்காவுக்கு வரும் ஆபத்துகளில் குப்பையும் வறட்சியும் திருத்தக்கூடியவை, நிலம் கைமாறிப்போவது திருத்த முடியாதது.

மனைப்பிரிவுகளுக்கு அனுமதி வழங்கும்போது திறந்தவெளிக்கென்று இடம் ஒதுக்கப்படுகிறது. இன்றைய விதிகளின்படி 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலைகள் நீங்கலாக உள்ள பரப்பில் 10 சதவீதத்தை ஒதுக்கி, தானப் பத்திரத்தின் மூலம் உள்ளாட்சிக்கு ஒப்படைக்க வேண்டும், ஓ.எஸ்.ஆர். (திறந்தவெளி ஒதுக்கீடு) நிலம் என்று அலுவலகங்களில் சொல்வது இதைத்தான். சிக்கல் எழுவது பழைய மனைப்பிரிவுகளில். வரைபடத்தில் 'பூங்கா' என்று பச்சை வண்ணம் தீட்டியிருப்பார்கள், ஆனால் தானப் பத்திரம் எழுதப்படாமலே போயிருக்கும். பட்டா இன்னமும் மனை விற்றவரின் பெயரிலேயே நிற்கும். அவருடைய வாரிசுகள் ஒருநாள் வேலி போட வந்து நிற்பார்கள்.

ஆகவே நான்கு ஆவணங்களைத் திரட்டிக்கொள்ளுங்கள்: சி.எம்.டி.ஏ. (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) அல்லது நகர் ஊரமைப்புத் துறை அனுமதித்த மனைப்பிரிவு வரைபடத்தின் நகல், உள்ளாட்சிக்கு எழுதிய தானப் பத்திரத்தின் நகல், நகர நில அளவைப் பதிவேட்டின் நகல், அந்தப் புல எண்ணுக்கான வில்லங்கச் சான்று. கடைசி இரண்டையும் அரசின் இணையச் சேவைகளிலேயே பெரும்பாலும் எடுத்துவிடலாம். முதலிரண்டுக்குத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் கைகொடுக்கும்: வெள்ளைத் தாளில் எழுதி, 10 ரூபாய்க்கு நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டிப் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்பினால் 30 நாட்களுக்குள் பதில் தர வேண்டும். தானப் பத்திரம் இல்லை என்று பதில் வருமானால் அதுவே உங்கள் குழுவின் முதல் தீர்மானத்துக்கு உரிய பொருள்; உள்ளாட்சி ஆணையருக்கு எழுதி, நிலத்தை முறைப்படி தன் பெயருக்கு மாற்றிக்கொள்ளுமாறு கேட்க வேண்டும்.

நிலம் உள்ளாட்சியின் பெயரில் இருந்தாலும் ஆபத்து முற்றிலும் நீங்கிவிடுவதில்லை. பூங்காவின் மூலையைப் பறிப்பவர்கள் எப்போதும் கெட்ட நோக்கத்தோடு வருவதில்லை. மேல்நிலைத் தொட்டி, மின்மாற்றி, அங்கன்வாடி, வார்டு அலுவலகம் என்று ஊருக்குத் தேவையான ஒன்றே வரும். 'நல்ல காரியத்தை எதிர்க்கிறார்கள்' என்ற பழி உங்கள் மேல் விழும். இப்படிப்பட்ட நேரத்தில் இரண்டு செய்திகளைத் தெரிந்து வைத்திருப்பது உதவும். தமிழ்நாட்டில் பூங்காக்கள், விளையாட்டுத் திடல்கள், திறந்தவெளிகளைப் பாதுகாப்பதற்கென்றே 1959இல் ஒரு தனிச் சட்டம் இயற்றப்பட்டது. உள்ளாட்சி அவற்றின் பட்டியலைப் பேண வேண்டும் என்பதும், அரசின் ஒப்புதல் இல்லாமல் வேறு பயனுக்குத் திருப்பக் கூடாது என்பதும் அதன் சாரம். இரண்டாவது, பெங்களூரில் பூங்காவுக்கென ஒதுக்கிய இடத்தைத் தனியார் மருத்துவமனை கட்ட ஓர் அறக்கட்டளைக்கு வழங்கியதை எதிர்த்து அப்பகுதி மக்கள் தொடுத்த வழக்கில், 1991இல் உச்ச நீதிமன்றம் மக்களின் பக்கமே தீர்ப்பளித்தது. மருத்துவமனை நல்லதுதான் என்பதற்காகப் பூங்காவை எடுத்துவிட முடியாது என்பதோடு, வழக்குத் தொடுக்கக் குடியிருப்பாளர்களுக்கு உரிமை உண்டு என்பதும் அதில் உறுதியானது.

இன்னொரு வகை ஆக்கிரமிப்பும் உண்டு, அதைப் பற்றி எழுதப் பலரும் தயங்குவார்கள். அரசமரத்தடியில் ஒரு செங்கல் நட்டு மஞ்சள் துணி சுற்றியிருக்கும். அடுத்த மாதம் உண்டியல், அதற்கடுத்து தகரக் கூரை. எந்த மதமாயினும், பொதுப் பூங்காவிலும் தெருவிலும் அனுமதியின்றி வழிபாட்டுக் கட்டடம் எழும்பக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2009 செப்டம்பரில் உத்தரவிட்டிருக்கிறது. செங்கல் அளவில் இருக்கும்போதே, அதை நட்டவரிடம் குழுவின் மூத்தவர்கள் இருவர் நேரில் போய்ப் பேசுவதும், அதே வாரத்தில் மண்டல அலுவலகத்துக்கு எழுத்தில் தெரிவிப்பதும்தான் வழி. கூரை வந்துவிட்டால் அது உங்கள் குழுவின் சக்திக்கு மீறிய விவகாரம்.

பார்வையிடுவது எப்படி

மாதக் கூட்டத்துக்கு முன் அரை மணி நேரம் குழுவினர் மூவர் பூங்காவை ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். உயிருக்கு ஆபத்தானவற்றை முதலில் பாருங்கள். விளக்குக் கம்பத்தின் அடியில் உள்ள இணைப்புப் பெட்டியின் மூடி கழன்று வயர் வெளியே தெரிகிறதா என்பதுதான் முதல் கேள்வி. மழைக்காலத்தில் இது ஒரு நாளும் தள்ளிப்போடக் கூடாதது. அடுத்து ஊஞ்சல். சங்கிலி அறுவதற்கு முன்பே, சங்கிலியை மேல்குழாயோடு இணைக்கும் எஸ் வடிவக் கொக்கி தேய்ந்துவிடும். கீழே நின்று பார்த்தால் தெரியாது, ஊஞ்சலைக் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, எடை இல்லாத நிலையில் கொக்கியின் வளைவைப் பார்க்க வேண்டும். உருண்டையான கம்பி உள்வளைவில் மட்டும் பள்ளம் விழுந்து பாதியளவுக்கு மெலிந்திருந்தால் அன்றே அந்த ஊஞ்சலைச் சுருட்டிக் கட்டிவிடுங்கள். சறுக்குமரத்தில் தகடுகள் சேரும் இடத்தை விரல் நுனியால் மேலிருந்து கீழாகத் தடவிப் பார்த்தால், தூக்கி நிற்கும் விளிம்பு எங்கே என்று தெரிந்துவிடும். அதன்பின் நீர் தேங்கும் இடங்கள்: ஓடாத செயற்கை நீரூற்று, கவிழ்க்காத வாளி, பழைய டயர். டெங்கு பரப்பும் கொசு நன்னீரில்தான் முட்டையிடும் என்பதால், அழகுக்காகக் கட்டிய நீரூற்று இயங்காமல் கிடப்பதைவிட மண் நிரப்பிச் செடி வைத்துவிடுவது மேல்.

கழிவறையைப் பற்றித் தனியே சொல்ல வேண்டும். கட்டியிருப்பார்கள், திறந்திருக்காது, உள்ளே மண்வெட்டியும் ஹோஸ் பைப்பும் அடுக்கியிருக்கும். தோட்டக்காரரைக் குறைசொல்லிப் பயனில்லை, கருவிகளை வைக்க அவருக்கு வேறு இடம் கொடுக்கவில்லை. அவருக்கு ஓர் இரும்புப் பெட்டியும் உடை மாற்ற ஒரு மறைவும் கேட்டு வாங்கித் தந்தால், கழிவறை திறக்கும். பெண்களும் முதியவர்களும் பூங்காவில் எவ்வளவு நேரம் தங்குவார்கள் என்பதை நடைபாதையின் அழகைவிட இந்தக் கதவுதான் தீர்மானிக்கிறது.

கண்ட குறைகளைத் தேதியோடு படமெடுத்துப் புகார் செய்யுங்கள். சென்னையில் 1913 என்ற எண்ணிலும் மாநகராட்சியின் செயலியிலும் பதியலாம். புகார் எண்ணைக் குறித்துக்கொள்ளாத புகார் புகாரே ஆகாது. வேலை நடக்காமலே 'தீர்வு காணப்பட்டது' என்று குறுஞ்செய்தி வருவது புதிதல்ல. அப்போது அதே படத்தை மறுபடி எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டு, மண்டல அலுவலருக்குக் கடிதமாக எழுதுங்கள். கடிதம் இரண்டு பிரதிகளாக இருக்கட்டும். ஒன்றைத் தபால் பிரிவில் கொடுத்து, மற்றொன்றில் முத்திரையும் தேதியும் பெற்றுக்கொள்ளுங்கள். உதவிப் பொறியாளரைப் பார்த்து வாய்மொழியாகச் சொல்வதும் தேவைதான், ஏனென்றால் முத்திரை குத்திய கடிதம் மட்டுமே போனால் அவர் உங்களை எதிரியாக நினைத்துக்கொள்வார். வாய்மொழி மட்டுமே போனால் மறந்துவிடுவார். பூங்காவை ஒரு பிரிவும் விளக்கை இன்னொரு பிரிவும் பார்ப்பதால், ஒரே கடிதத்தில் எல்லாக் குறைகளையும் திணிக்காமல் பிரிவுக்கு ஒன்றாக எழுதினால் கோப்பு சுற்றித் திரியாது.

இவற்றுக்கெல்லாம் அடித்தளம் பராமரிப்பு ஒப்பந்தத்தின் நகல். எத்தனை தோட்டப் பணியாளர்கள், எத்தனை காவலர்கள், எந்த நேரத்திலிருந்து எந்த நேரம் வரை, வாரத்தில் எத்தனை முறை நீர் பாய்ச்ச வேண்டும் என்பவை அதில் எழுதியிருக்கும். அதையும் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் வழியாகவே பெற்று, முக்கியமான வரிகளை ஒரு தாளில் எழுதி வைத்துக்கொண்டால், "இரண்டு பேர் இருக்க வேண்டிய இடத்தில் ஒருவரே இருக்கிறார்" என்று ஆதாரத்தோடு பேசலாம். கவனம் தேவை: கண்காணிப்பு ஒப்பந்ததாரர் மீது இருக்கட்டும், வெயிலில் நிற்கும் தொழிலாளி மீது அது பாயக் கூடாது. குழுவினர் ஆளுக்கு ஒரு கட்டளையிட்டால் அவர் யார் சொல்வதைத்தான் கேட்பார்?

வார்டின் அந்தந்தப் பகுதி மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டங்களையும் பயன்படுத்திக்கொள்ளுங்கள். நகர்ப்புறங்களில் இவை 2022 நவம்பர் 1ஆம் நாள், உள்ளாட்சிகள் தினத்தன்று தொடங்கின. மாமன்ற உறுப்பினர் முன்னிலையில் பூங்காவைப் பற்றிய கோரிக்கை பதிவேறினால், அது தனிநபர் மனுவைவிடக் கனமானது. அவரை ஒவ்வொரு கூட்டத்துக்கும் அழையுங்கள், எந்தக் கட்சியினராயினும். கட்சிக் கொடி மட்டும் வேலிக்கு வெளியே நிற்கட்டும்.

மரமும் மண்ணும்

வடகிழக்குப் பருவமழையை நம்பியிருக்கும் ஊர்களில் செப்டம்பர் இறுதியிலோ அக்டோபரிலோ நட்டால், மழை மூன்று மாதம் வேரைப் பிடிக்கவைத்துவிடும். சுற்றுச்சூழல் தினம் என்று ஜூன் 5ஆம் தேதி சென்னை வெயிலில் நடப்படும் கன்றுகள் படம் பிடிப்பதற்கே உதவும். புங்கை, வேம்பு, பூவரசு, புன்னை, மகிழம், நாவல் ஆகியவை நம் மண்ணுக்குப் பழகியவை. 2016 டிசம்பர் 12 அன்று சென்னையைத் தாக்கிய வர்தா புயலில் குல்மோகரும் பெருங்கொன்றையும் ஏராளமாகச் சாய்ந்ததைப் பார்த்தவர்கள், பூவுக்காக மட்டும் மரம் தேர்ந்தெடுக்க மாட்டார்கள். இருக்கும் மரங்களைச் சுற்றி அடிமரம் வரை சிமெண்ட் பூசியிருந்தால், சுற்றிலும் ஒரு மீட்டருக்கு உடைத்து மண்ணைத் திறந்துவிடச் சொல்லுங்கள். பொது இடத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவின் அனுமதி வேண்டும். கிளை கழிக்கும் பெயரில் மொட்டையடிப்பதையும் கண்காணிக்க வேண்டும்.

உதிர்ந்த இலைகளை எரிப்பது விதிப்படி குற்றம், வழக்கப்படி அன்றாட நிகழ்ச்சி. அதை நிறுத்தக் குழு செய்யக்கூடிய கைவேலை எருக்குழி. மூன்றடி ஆழத்தில் குழி தோண்டி, இலையை அரையடிக்கு ஒருமுறை மிதித்து அடுக்கி, ஒவ்வோர் அடுக்குக்கும் சாணக் கரைசலும் கைப்பிடி மண்ணும் தெளித்து, ஈரம் காயாமல் பார்த்துக்கொண்டால் நான்கைந்து மாதத்தில் மட்கிவிடும். இடமிருந்தால், மழைநீர் வழிந்து சாலைக்கு ஓடாமல் பூங்காவின் தாழ்ந்த மூலையில் தேங்கி உறிஞ்சப்பட ஒரு பள்ளம் கேளுங்கள். சென்னை மாநகராட்சி 'ஸ்பாஞ்ச் பார்க்' என்ற பெயரில் இத்தகைய குளங்களைச் சில பூங்காக்களில் வெட்டியிருக்கிறது.

பணம்

பெரிய வேலைகளுக்கு நமக்கு நாமே திட்டம் இருக்கிறது. 2021இல் மீண்டும் நடைமுறைக்கு வந்த இத்திட்டத்தில், மதிப்பீட்டுத் தொகையில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கைப் பொதுமக்கள் செலுத்தினால் மீதியை அரசு ஏற்கும். தத்தெடுப்பு மற்றொரு வழி. மயிலாப்பூர் லஸ் பகுதியின் நாகேஸ்வர ராவ் பூங்காவைச் சுந்தரம் பைனான்ஸ் நிறுவனம் நெடுங்காலமாகப் பராமரித்து வருவது பலரும் சுட்டிக்காட்டும் எடுத்துக்காட்டு. ஆனால் உங்கள் பூங்காவுக்கு ஒரு நிறுவனம் முன்வரும்போது, விளம்பரப் பலகையின் அளவு, எத்தனை ஆண்டு, உடைந்தால் யார் சரிசெய்வது என்ற மூன்றும் புரிந்துணர்வு ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். திறந்தவெளி உடற்பயிற்சிக் கருவிகளை நன்கொடையாகத் தருபவர்கள் ஏராளம்; அவற்றுக்கு எண்ணெய் போடுபவர்கள் குறைவு.

யாருக்கான பூங்கா

குழுக்கள் உடைவது பெரும்பாலும் பணத்தாலன்று, பந்தால். பையன்கள் ஆடினால் பந்து முதியவர் மேல் படும். ஆடக் கூடாது என்றால் அவர்கள் தெருவில் ஆடுவார்கள். தடைப் பலகை வைப்பதற்கு முன் நேரத்தைப் பிரித்துப் பாருங்கள்: காலை எட்டு மணி வரையும் மாலை ஆறு மணிக்கு மேலும் நடப்பவர்களுக்கு, இடைப்பட்ட நேரம் ஒரு மூலையில் டென்னிஸ் பந்தில் ஆடுபவர்களுக்கு. இந்த ஏற்பாட்டைப் பையன்களையும் உட்காரவைத்துப் பேசி முடிவுசெய்தால் அவர்களே காப்பாற்றுவார்கள். 'காதலர்களுக்கு அனுமதி இல்லை' என்ற வகைப் பலகைகளைக் குழு வைக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து; அப்படி விதிக்கக் குழுவுக்கு அதிகாரமும் இல்லை, யாரையும் பெயர் கேட்டு விசாரிக்கும் உரிமையும் இல்லை.

நண்பகலில் பூங்காவைப் பூட்டிவைக்கும் வழக்கத்தையும் மறுபரிசீலனை செய்யச் சொல்லுங்கள். உணவு கொண்டுசெல்லும் இளைஞர்களும், வீட்டு வேலை முடித்துத் திரும்பும் பெண்களும், கட்டடத் தொழிலாளர்களும் நிழலைத் தேடுவது அந்த நேரத்தில்தான். காவலர் ஒருவரே இருப்பதால்தான் பூட்டுகிறோம் என்பார்கள். ஒப்பந்தத்தில் எத்தனை பேர் என்று எடுத்துக் காட்டுவதற்கு இதுவே இடம்.

செயலாளர் பொறுப்பை இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே வைத்திருக்காதபடி துணை விதியிலேயே எழுதிவிடுங்கள். பொறுப்பு மாறும் கூட்டத்தில் தீர்மான நோட்டு, வங்கிப் புத்தகம், நில ஆவணங்கள், முத்திரை பெற்ற கடிதங்கள், நிலுவையில் உள்ள புகார் எண்களின் பட்டியல் ஆகிய ஐந்தையும் மேசையில் வைத்துக் கையொப்பத்துடன் ஒப்படைக்க வேண்டும். நில ஆவணங்களுக்கு மட்டும் இன்னொரு பிரதி, பூங்காவுக்கு எதிர்வீட்டில் அல்லாமல் வேறு தெருவில் உள்ள ஓர் உறுப்பினரிடம் இருக்கட்டும்.